தெப்பக்குளத்தில் நான் காப்பாற்றிய பிள்ளை

கறிச்சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறவனை மதுரைப் பக்கத்தில் மனுசக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். நான் இரண்டு வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

காரணம் என் வலது கை. அதில் ஒரு கோளாறும் கிடையாது. ஐந்து விரல்களும் இருக்கின்றன, சொன்னபடி மடங்குகின்றன. ஆனால் அந்தக் கை எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர வயிறு சம்மதிக்கவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பவன் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை. உண்மை என்னவென்றால், அறை சுத்தம் செய்கிற ஆட்கள் எல்லாரும், "இதுல எங்களால கைய வைக்க முடியாது சார்" என்று விலகி நிற்கிற இடத்தில் கையை வைப்பவனுக்குத்தான் அந்தப் பெயர்.

இதில் வேடிக்கை, எனக்குப் பிறவியிலேயே அருவருப்பு அதிகம். சீப்பில் ஒரு முடி சுற்றியிருந்தால் தலை வாராமல் வேலைக்குப் போகிற ஆள் நான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காது குடைந்தால் நின்றுகொண்டே வந்துவிடுவேன். இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்து அறுபது குளியலறைகளுக்குப் பொறுப்பாக்கியது யார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டது நான்தான். வேறு யாரையும் திட்டுவதற்கு வழியில்லை.

கரண்டி வந்ததற்குக் காரணமான சம்பவம் ஒன்று உண்டு. யாராவது சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அதன் விளைவை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் ஊர் எழுமலைப் பக்கம். அங்கே குலசாமி கோவிலில் கிடா வெட்டு. வரிசையாக இலை போட்டு, சோற்றில் குழி வெட்டிக் குழம்பை ஊற்றியதும் நான் சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தேன். பந்தி முழுவதும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது.

"மச்சான், என்ன அது?" என்றான் மனைவியின் தம்பி.

"கரண்டி."

"அது தெரியுது. கோவில்ல வந்து எதுக்கு ஆபரேசன் பண்றீங்க?"

அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு 'டாக்டர் மாப்ள' என்று பெயர். என் மனைவி வீடு வந்து சேரும் வரை பேசவில்லை. வந்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "ஒண்ணு அந்த வேலைய மாத்துங்க, இல்ல அந்தக் கைய மாத்துங்க."

கையை மாற்ற வழி இல்லாததால் வேலையை மாற்றப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஹோட்டல் புது நிர்வாகத்தின் கைக்குப் போனது. ரிசப்ஷனில் பகல் நேரப் பணி ஒன்று காலியாக இருந்தது. உள்ளே வேலை பார்ப்பவர்களில் ஒருவரைப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து இங்கிலீஷில் நேர்காணல் நடத்துவார், ஒரு மாதம் டைம் என்றார்கள்.

ரிசப்ஷன் மேசை கிரானைட். கறுப்பாக, ஈரமில்லாமல், முகம் தெரிகிற மாதிரி இருக்கும். மாடிக்குப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை தடவிவிட்டுத்தான் போவேன். அதற்குப் பின்னால் நின்று பேனாவையும் சாவியையும் மட்டும் தொடுகிற ஒரு வாழ்க்கை! அந்தக் கையால் மத்தியானம் சோறு பிசைந்து சாப்பிடுவேன். என் ஆசை மொத்தமே அம்புட்டுதான்.

இங்கிலீஷுக்கு கோரிப்பாளையம் போனேன். சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில், பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் அதே தெருவைச் சேர்ந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரை 'மிஸ்' என்பேன். கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடிக்க, மேலே நாங்கள் அதைவிடச் சத்தமாக இங்கிலீஷ் பேச வேண்டும். தம்முக்குப் போட்ட பிரியாணியின் வாசம் மூன்று மணிக்கு ஜன்னல் வழியே ஏறி வரும். எல்லாருக்கும் எச்சில் ஊறும். எனக்கு மட்டும், அந்த அண்டாவைக் கழுவுகிற ஆளின் நகம் எப்படியிருக்கும் என்று யோசனை ஓடும்.

மிஸ் நடத்தும் முறை இது. இரண்டு வரிசை நாற்காலி, எதிரும் புதிருமாக. இந்த வரிசை, "ஹாவ் யூ எவர்" என்று ஆரம்பித்து ஒரு கேள்வி கேட்கும். அந்த வரிசை தன் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்லும். மிஸ் கை தட்டியதும் எல்லாரும் ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார வேண்டும்.

"பாத்திருக்கேன், போயிருக்கேன், சாப்பிட்டிருக்கேன்னு நாம பேசுவோம்ல, அதேதாண்ணே இது" என்றார் மிஸ். "தேதி வேணாம், கிழமை வேணாம். உங்க வாழ்க்கையில நடந்திருக்கா, இல்லையா? அம்புட்டுதான்."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. எங்கள் ஊர் டீக்கடைகளில் அத்தனை பேரும் பேசுவது இதைத்தான். 'எத்தன பேரப் பாத்திருக்கேன்', 'நான் போகாத ஊரா' என்று சொல்லாமல் ஒரு கிளாஸ் டீ கூடத் தொண்டையில் இறங்காது. இதற்குப் போய் ஒரு வகுப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் எனக்கு எதிரே நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகவிருந்த ஒரு பெண். கையில் பாதி தின்ற முட்டை பப்ஸ். மிஸ் தந்த அட்டையைப் பார்த்து, "ஹாவ் யூ எவர் ஃபவுண்டு சம்திங் ஸ்பெஷல்?" என்று கேட்டது.

"யெஸ்" என்றேன். "ஐ ஹாவ் ஃபவுண்டு டீத்."

"டீத்?"

"ஃபுல் செட். இன் டீ கப். வித் டீ."

அந்தப் பெண் பப்ஸை மடியில் வைத்தது. நான் நன்றாகப் பேசுவதாகவே நினைத்துத் தொடர்ந்தேன். "ஐ ஹாவ் ஃபவுண்டு ஹேர். இன் பாத்ரூம் ஹோல். லாங் ஹேர். ஐ ஹாவ் புல்டு, புல்டு, புல்டு. இட் ஹாஸ் நாட் ஃபினிஷ்டு."

அது வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து மாடிப்படிப் பக்கம் போனது. நாளைக்கு ரத்தமும் சீழும் பார்க்கப் போகிற பிள்ளையே தாங்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு கடுமையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் இருந்தவர்கள் என் பக்கமிருந்து நாற்காலிகளைச் சத்தமில்லாமல் நகர்த்தினார்கள். எனக்கே என்மேல் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்து மூன்று வயதுவரை வாழ்ந்த வாழ்க்கையைத் தோண்டினால் அடுத்தவன் பல்லும் அடுத்தவள் முடியும்தானா வர வேண்டும்?

வகுப்பு முடிந்ததும் மிஸ் தனியாகக் கூப்பிட்டார். "இங்கிலீஷ் கரெக்ட்டா வருதுண்ணே. விசயம்தான் வேணாம். பெருமையா ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு எழுதிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பெருமையைத் தேடினேன். கிடைக்கவில்லை. பிளஸ் டூவில் ஒருமுறை கபடி அணியில் சேர்த்தார்கள். சட்டையில்லாமல் வேர்த்து வழிகிற ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று தெரிந்ததும் நானே விலகிக்கொண்டேன். இதை எழுதினால் எந்த மேடம் வேலை தருவார்? பேனாவைக் கடிக்கலாம் என்று பார்த்தேன், அதைப் பலபேர் தொட்டிருப்பார்கள் என்பதால் கடிக்கவில்லை. கடைசியில் எழுதினேன்: ஐ ஹாவ் சேவ்டு எ சைல்டு.

வண்டியூர் தெப்பக்குளத்தில் ஒரு பிள்ளை தவறி விழுந்துவிட்டது. கரையில் நூறு பேர் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். நான் மட்டும் குதித்தேன். பிள்ளைக்குச் சிவப்புக் கவுன். அதன் அம்மா என் காலில் விழ வந்தார். நான் பெயரைக்கூடச் சொல்லாமல் ஈரச் சட்டையோடு நடந்து போய்விட்டேன். இதுதான் கதை. எனக்கு நீச்சல் தெரியாது. நான் சிறு வயதில் பார்த்த தெப்பக்குளம் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கும். உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். அதில் எனக்கு நேர்ந்த ஒரே ஆபத்து, பந்தென்று நினைத்து வேறொன்றை எடுத்தது. இப்போது தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நிற்கிற குளத்தில் எத்தனை பேர் கால் கழுவியிருப்பார்கள் என்று எண்ணுகிறவன் நான். நானாவது, குதிப்பதாவது!

மறுநாள் படித்துக் காட்டினேன். மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது.

"மாஷா அல்லாஹ்! இம்புட்டு பெரிய காரியத்தப் பண்ணிப்புட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கீங்களேண்ணே!"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், இது சும்மா, பயிற்சிக்கு எழுதியது என்று. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்தில் குனிகிறேன் என்று வகுப்பு நினைத்துக் கை தட்டியது. முட்டை பப்ஸ் பெண் என்னை முதல்முறையாக மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அந்தப் பார்வை சுகமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மிஸ் அதோடு நிற்கவில்லை. அதிலிருந்த நாலைந்து தப்புகளைத் திருத்தி, தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் போட்டு எல்லா பேட்ச்சுக்கும் கொடுத்துவிட்டார். 'மாதிரி விடை ஏழு' என்று தலைப்பு. இதைப் பார்த்து அவரவர் அனுபவத்தை இதே மாதிரி எழுதிப் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஜெராக்ஸ் கையில் கிடைத்த பிறகு எங்கள் ஊரில் யாராவது சொந்தமாக எழுதிப் பார்த்திருக்கிறார்களா? நோட்ஸ் என்றால் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் 'என் பசு' கட்டுரையை, வீட்டில் ஒரு கோழிகூட இல்லாத நாற்பது பேர் ஒரே பசுவை வைத்து எழுதியவர்கள்தானே நாம். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் ஆளாளுக்குத் தெப்பக்குளத்தில் குதிக்க ஆரம்பித்தார்கள்.

எதிர் நாற்காலியில் சிங்கப்பூர் போகவிருந்த ஒரு பரோட்டா மாஸ்டர். "ஹாவ் யூ எவர் ஹெல்ப்டு எனிபடி?" என்று நான் கேட்கிறேன். என் முகத்துக்கு நேரே, கண் இமைக்காமல், "ஐ ஹாவ் சேவ்டு எ சைல்டு" என்கிறார். சிவப்புக் கவுன், செல்போன் கூட்டம், ஈரச் சட்டை, எல்லாம் வரிசையாக வருகிறது. அடுத்த நாற்காலிக்காரருக்கு இரட்டைக் குழந்தை. அதற்கடுத்த அம்மா, சேலையோடு குதித்ததாகச் சேர்த்துக்கொண்டார்.

பொய்யை நாம் சொல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை. அதையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது, நாம் பல் தேய்த்த பிரஷ் இன்னொருவர் வாயில் நுரை தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது போல. எனக்கு மூன்று நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, கரண்டியிலும்.

இத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே ரிசப்ஷன் வேலைக்கு இன்னும் இரண்டு பேர் போட்டி போட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவன் ரூம் சர்வீஸ் கேப்டன், என்னுடைய நெடுநாள் கூட்டாளி. இன்னொருவர் லிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன், என்னைவிட மூத்தவர். போட்டிக்காரர்களிடம் வகுப்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் டீக்கடையில் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் நானே கிடையாது. "நேத்து கிளாஸ்ல எனக்குக் கைதட்டு" என்று ஆரம்பித்து, முகவரி வரை நானே சொல்லி முடித்தேன். இரண்டு பேரும் காலை பேட்ச்சில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

நேர்காணலுக்கு முதல் நாள் கூட்டாளியிடம் மெதுவாகக் கேட்டேன். "மாப்ள, நீ எதச் சொல்லப் போற?"

"கொடைக்கானல்ல மலையேறப் போனேன்ல, அதச் சொல்லிருவேன் மாப்ள. நீ?"

"நான் அந்தத் தெப்பக்குளத்த..."

"சொல்லு, சொல்லு. அது உன் பிள்ளைதான, யாரு எடுக்கப் போறா?"

லிஃப்ட் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "எனக்கு என்னப்பா இருக்கு சொல்ல? ஐ ஹாவ் கான் அப். ஐ ஹாவ் கம் டவுன். வாழ்க்கையே அம்புட்டுதான்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, விருந்து ஹாலின் மூலையில் ஒரு மேசை போட்டு மேடம் உட்கார்ந்திருந்தார். முதலில் கூட்டாளி போனான். வெளியே வரும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு லிஃப்ட் அண்ணன் போனார். அவர் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அழுகிற அளவுக்கு லிஃப்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் உள்ளே போனேன்.

மேடம் பெயர், ஊர் எல்லாம் கேட்டார். சொன்னேன். டீ ஒன்று அவர் முன்னால் ஆவி பறக்க இருந்தது. பிறகு கேட்டார்: "ஹாவ் யூ எவர் டன் எனிதிங் யூ ஆர் ப்ரவுட் ஆஃப்?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யெஸ் மேடம். ஐ ஹாவ் சேவ்டு எ..."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ப்ளீஸ். நாட் தி சைல்டு."

அவர் தமிழுக்கு மாறினார். "காலையிலருந்து ரெண்டு பேர் அந்தக் குழந்தையைத் தூக்கிட்டாங்க. அதே சிவப்பு கவுன். ரெண்டு பேரும் பேரைச் சொல்லாமப் போயிட்டாங்க. ஏங்க, அந்தக் குளத்துக்கு ஒரு வேலி போட மாட்டீங்களா?"

அந்த நொடியில் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது. என் பொய்யை இரண்டு பேர் திருடிவிட்டார்கள் என்று கோபம்! அது என்னுடைய பிள்ளை என்று சொல்லவும் முடியாது. சொன்னால் மூன்று பேரிலும் முதல் பொய்யன் நான் என்றாகும். கிரானைட் மேசை கண்ணை விட்டு மறைந்து, அறுபது குளியலறைகளின் கதவுகளும் வரிசையாகத் திறந்தன.

"உங்களுக்குன்னு சொந்தமா நடந்தது ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

என் வாழ்க்கையில் நடந்ததென்று பார்த்தால், மிஸ் வேண்டாம் என்ற வகை மட்டும்தான் இருந்தது. இங்கிலீஷிலேயே ஆரம்பித்தேன், பாதியில் அது கையைவிட்டுப் போக, தமிழில் முடித்தேன். மேலே தள்ளி வைத்த கதை இதுதான். சாப்பிடுகிறவர்கள் ஒரு வாய் முடித்துவிட்டு வரலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் இருநூற்றாறாம் அறையில் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. மேற்கே ஒரு கிராமத்தில் பேரனுக்குக் காதுகுத்து, கிடா வெட்டு. பந்தி முடிந்ததும் பங்காளிகள் அவர்கள் பங்குக் குடலைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும், அதற்குள் கெட்டுவிடக் கூடாது. அதனால் அறைக்கு வந்து, குளியலறை வாஷ்பேசினில் போட்டு, ஹோட்டல் ஷாம்பூவில் கழுவியிருக்கிறார்கள். கழுவியதில் பாதி குழாய்க்குள் போய்விட்டது. வெயில் காலம். அவர்கள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அடைப்பு என்று எங்களுக்குத் தெரிந்தது மறுநாள் மத்தியானம். பிளம்பர் வந்தார், மூடியைக் கழற்றினார், மூடியை அங்கேயே வைத்துவிட்டு, "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று போனார். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அறைக்கு நாலு மணிக்கு ஆள் வருகிறது. நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை விட்டேன், முழங்கை வரைக்கும். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் மேடம்" என்றேன். "நாலு மணிக்கு வந்தவங்க, ரூம்ல நல்ல வாசமா இருக்குன்னு சொன்னாங்க. அது ஷாம்பூ வாசம்."

மேடம் டீக் கப்பை ஒரு விரலால் மேசையின் மறு கோடிக்குத் தள்ளினார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். தோள் குலுங்கியது. அழுகிறாரா, குமட்டுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. திரும்பியபோது மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

"அதுக்கப்புறம் நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

இரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "கரண்டியில மேடம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு, "கவுண்டர்ல வர்ற கம்ப்ளைண்ட்ல முக்கால்வாசி பாத்ரூம் பத்தித்தான். அங்க நிக்கிறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம, பாக்குறோம் சார், பாக்குறோம் சார்னு சொல்றாங்க. நீங்க ஒண்ணாம் தேதியிலருந்து அங்க நில்லுங்க" என்றார். வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு, "இந்தக் கதையை மட்டும் எந்த கெஸ்ட்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

கூட்டாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏன் மாப்ள, ஊருக்கெல்லாம் பொய்ய எழுதிக் குடுத்துட்டு, நீ மட்டும் உண்மையச் சொல்லி வேலைய வாங்கிட்ட பாத்தியா?"

"நீ கொடைக்கானல்னுதானடா சொன்ன!"

"உள்ள போனதும் மறந்துருச்சு. ஏழாம் நம்பர்தான் வாயில நின்னுச்சு."

லிஃப்ட் அண்ணன் குறுக்கே வந்தார். "விடுங்கப்பா. எனக்குச் சொல்லும்போது நெசமாவே அழுக வந்துருச்சு. பெத்தவ கால்ல விழ வந்தாள்ல, அந்த எடத்துல." அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டீக்கடைத் தரையைப் பார்த்தேன். அங்கே யாரோ துப்பியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரத்தில் அதுவே சரியான தண்டனை என்று தோன்றியது. திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று அவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நம்பவில்லை. பொய்யை எழுதிக் கொடுத்தவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

ஒன்றாம் தேதி டை கட்டிக்கொண்டு கிரானைட்டுக்குப் பின்னால் நின்றேன். பேனா, சாவி, ரெஜிஸ்டர். ஐந்தாறு நாளில் கை என்னுடையதாகிவிட்டது. ஒரு மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து, கையைக் கழுவி, ரசம் சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இந்த ஞாயித்துக்கெழம கறி எடுக்கணும்" என்றாள் மனைவி. குரலில் பழைய ஆள் தெரிந்தாள்.

சனிக்கிழமை காலை ஒருவர் வந்தார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பேத்தி. அடையாள அட்டை கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்து, சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார். எடுத்த நேரம் பேத்தி இறங்கி லிஃப்டைப் பார்த்து ஓடியது. அவர் அட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தார். மூச்சு வாங்க நின்று, அட்டையைப் பல்லிலிருந்து விடுவித்து, வெற்றிலைக் காவி படிந்த ஈர ஓரம் என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

நான் அட்டையைப் பார்த்தேன். பக்கத்தில் டிஷ்யூ பெட்டி இருந்தது. அவருக்குப் பின்னால், இரண்டாம் மாடியிலிருந்து இறங்கிய லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வலது கையை நீட்டி வாங்கினேன். ஒரு எச்சில் நூல் அவர் விரலுக்கும் என் விரலுக்கும் இடையே நீண்டு அறுந்தது.

"வெல்கம் சார்" என்றேன். "ஹாவ் யூ எவர் ஸ்டேய்டு வித் அஸ் பிஃபோர்?"

"இல்ல தம்பி, இதான் மொத தடவ" என்றார் அவர். "பாத்ரூமெல்லாம் சுத்தமா இருக்கும்ல? எனக்கு ரொம்ப அருவருப்பு பாத்துக்கங்க."